செவ்வாய்க்கிழமை சாட்சி

2017

பிப்ரவரி 28, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. ஐவி பீன்ஸைத் தொடவில்லை. சோளரொட்டியைப் பிய்த்துப் பாதியைத் தின்றாள், மீதியைத் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

மதியம் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். படுக்கவில்லை, உட்கார்ந்துதான் இருந்தேன். அடுத்து எனக்குத் தெரிவது என் கணவன் டெரல் என் தோளைப் பிடித்து உலுக்கியது. அவனுடைய இன்னொரு கையில் ஐவி, டயபரோடு, சொட்டச் சொட்ட நனைந்து. சாலையோரம் தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாளாம். கதவைத் தானே திறந்திருக்கிறாள். இரண்டு வயதில் கெட்டிக்காரி.

“கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா, மார்லா. கீழ்வளைவுல லாரியத் திருப்பறப்பவே எனக்குக் கேட்டுச்சு. உனக்குக் கேக்கலியா?”

கேட்கவில்லை.

நிலக்கரி லாரிகள் இறங்கும் சாலை அது. அவனே அதில் ஒன்றை ஓட்டுகிறவன். அவன் திட்டவில்லை. கதவின் உச்சியில் ஒரு கொக்கி அடித்தான், சாப்பிட்டான், கூடைப்பந்து பார்த்தான். எங்கள் கென்டக்கி அணி ஜெயித்தது. அவன் கத்தக்கூட இல்லை.

மார்ச் 1, புதன்

எல்லாரும் தூங்கியாயிற்று. எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மலைவளைவில் என் காருக்குக் குறுக்கே ஒரு மான் வந்தது. மோதிய பிறகு மான் எழுந்து காட்டுக்குள் போய்விட்டது. எனக்கு முதுகுக்குள் இரண்டு கம்பி வைத்தார்கள். அதற்குக் கொடுத்த வலி மாத்திரை மட்டும் இல்லாவிட்டால் அன்று கைக்குழந்தையைத் தூக்கியே இருக்கமாட்டேன். அது உண்மை. இன்று அந்த மாத்திரையால் குழந்தை அழுவது கேட்பதில்லை. அதுவும் உண்மை. இரண்டும் ஒரே புட்டியில் இருக்கின்றன.

மாத்திரை நேரம் கொஞ்சம் தவறினால் மூக்கு ஒழுகுகிறது, உள்ளங்கால் கூசுகிறது. இது வலியில்லை என்பது தெரிகிறது. கல்லூரியில் உயிரியல் படித்தேன். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

போனமுறை டாக்டர் ஹென்ஸ்லி கேட்டார்: “கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் பாப்பமா?” வேண்டாம், நன்றாக இருக்கிறேன் என்று சிரித்தேன். ஏன்? குறைக்க வேண்டும் என்றால் ஏதோ கோளாறு என்று எழுதிக்கொள்வார். எழுதினால் யாராவது படிப்பார்கள். படித்தால் ஒரு நாள் அரசாங்கக் கார் வாசலில் வந்து நிற்கும், ஐவியைக் கேட்கும். பள்ளிக்கூட வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அத்தையோ பெரியம்மாவோதான் துணைக்கு நிற்கிறார்கள். அம்மா எங்கே என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

நிறுத்த வேண்டும். யாரிடமும் சொல்லாமல் நிறுத்த வேண்டும். எப்படி?

மார்ச் 5, ஞாயிறு

ஆராதனையில் ஜெப விண்ணப்பம் கேட்கும்போது கையைத் தூக்கி “சொல்லாத விண்ணப்பம்” என்றேன். எங்கள் சபையில் அது உண்டு. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் அப்படிச் சொன்னால் போதும், என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்கக் கூடாது என்பதுதான் விதி. யூகிக்கக் கூடாது என்று விதி இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குள் டெரலுக்கு வேலை போய்விட்டது, எங்களுக்குள் சண்டை, நான் சபை மாறி மெதடிஸ்ட் ஆகப்போகிறேன் என்று மூன்று செய்தி என் காதுக்கே வந்துவிட்டது. மூன்றாவதுக்குத்தான் எல்லாரும் அதிகம் வருத்தப்பட்டார்கள்.

என் மாமியார் நோவெல்லா அத்தை அடுக்களையில் மடக்கினார். “வயித்துல இருந்தா சொல்லிடு கண்ணு. நான் இப்பவே போர்வை தைக்க ஆரம்பிச்சாத்தான் ஆகும்.”

“அதெல்லாம் இல்லத்தை.”

“பையனாட்டம் இருக்கு, முகத்தப் பாத்தாலே தெரியுது” என்றார்.

மார்ச் 6, திங்கள்

எழுப்புதல் கூட்டம் தொடங்கிவிட்டது. ஐந்து இரவு. டென்னசியிலிருந்து ஒரு பிரசங்கியார். முதல் பாட்டில் கோட்டைக் கழற்றினார், இரண்டாவதில் கழுத்துப்பட்டியை. பிறகு, “உங்க வீட்டு மருந்தலமாரியில எந்தச் சாமி உக்காந்திருக்கு? அத இன்னிக்கி ராத்திரியே தூக்கி எறிய யாருக்குத் தைரியம் இருக்கு?” என்றார். என்னைத்தான் பார்த்தார். எல்லாரையும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

எழுந்து முன்னால் போனேன். மண்டியிட்டேன். மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பத்து இருபது கைகள் முதுகில் வந்து விழுந்தன. கம்பி இருக்கும் இடம் இளஞ்சூடாக இருந்தது. மான் மோதியதிலிருந்து என்னை அத்தனை பேர் தொட்டதே இல்லை. பயமெல்லாம் போன மாதிரி இருந்தது. அதை இப்போதும் பொய் என்று எழுத மனசு வரவில்லை.

அத்தை வீடுவரை கூடவே வந்தார். இருவரும் கழிவறையில் நின்று ஒரு பாட்டுப் பாடி, புட்டியைக் கவிழ்த்தோம். டெரல் வெளியிலிருந்து சொன்னான்: “கொட்டறது கொட்டறீங்க, ரெண்டு தடவையாக் கொட்டுங்க. அதுல தண்ணி ஏற்கெனவே மெதுவாத்தான் போகுது.”

மார்ச் 7, செவ்வாய்

சபைமுன் சாட்சி சொன்னேன்.

காலையிலிருந்தே கொட்டாவி. மாலை மேடை ஏறும்போது வியர்த்து ஊற்றியது, கை நடுங்கியது, மயிர்க்கூச்செறிந்தது. “பாருங்க ஜனங்களே, அபிஷேகம் இறங்கறதப் பாருங்க!” என்றார் எங்கள் சபையின் பாஸ்டர் கீத். எனக்கு அது என்ன என்று தெரியும். பாடப்புத்தகத்தில் வரிசையாகப் போட்டிருக்கும்.

“நேத்து ராத்திரி எல்லாத்தையும் கொட்டிட்டேன். கர்த்தர் என்னை விடுதலையாக்கிட்டார்” என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசி வரிசையில் பிரதர் கிளோவிஸ்கூடத் தட்டினார். சுரங்கத்தில் கூரை சரிந்து இடுப்பு நொறுங்கியவர். பதினைந்து வருடமாக அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதற்கும் கைதட்டி யாரும் பார்த்ததில்லை.

மார்ச் 8, புதன்

கால்கள். கழற்றி வைக்க முடிந்தால் கழற்றி வைத்துவிடுவேன்.

அத்தை கோழிக்குழம்பில் மாவு உருண்டை போட்டுக் கொண்டுவந்தார். வாசனை வந்ததும் வாளியைத் தேடினேன். “பிசாசு போறப்ப அப்படித்தான் உலுக்கிட்டுப் போவான்” என்று முதுகைத் தடவினார். போகிறவன் போகட்டும், கதவையாவது சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போகலாம்.

எனக்குக் காய்ச்சல் என்று ஐவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பொம்மை ஸ்டெதாஸ்கோப்பை என் முழங்காலில் வைத்துக் கேட்டாள். “இல்ல” என்றாள். என்ன இல்லை என்று சொல்லவில்லை.

டெரல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “நீ உயிரியல் படிச்சவதானே. இப்படி நிறுத்தறது சரிதானா?”

“இல்ல.”

“அப்பறம்?”

“சாட்சி சொல்லிட்டேன்டா.”

“நாளைக்கு லாரி எடுக்கல. டாக்டர்கிட்டப் போறோம். அம்மாகிட்ட டயர் மாத்தப் போறோம்னு சொல்றேன்.”

மார்ச் 9, வியாழன்

டாக்டர் ஹென்ஸ்லி பார்த்தவுடனே கதவைச் சாத்தினார். நாடி பிடித்தார், கண்ணைப் பார்த்தார்.

“எப்ப நிறுத்தினே?”

“திங்கக்கிழமை ராத்திரி.”

“யார் நிறுத்தச் சொன்னது?”

“பிரசங்கியார்.”

“எங்க படிச்சாராம்?”

“கேக்கல.”

“மீதி மாத்திரை?”

“கழிவறையில கொட்டிட்டோம். பாட்டுப் பாடி.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு விளக்க வேண்டியதில்லை. “எழுப்புதல் கூட்டம் நடக்குற வாரம் எனக்கு நாள்காட்டியே வேணாம். இந்த வாரத்துல நீ ரெண்டாவது ஆளு. நான் ஜெபத்துக்கு எதிரி இல்லம்மா. நானும் பண்றவதான். ஆனா ரெண்டு வருஷம் பழகின உடம்பு ஒரே ராத்திரியில பழக்கத்த விட்டுடாது. படியில இறங்கற வேலை இது. நீ ஜன்னல் வழியா குதிச்சிருக்கே.”

திரும்பத் தருவதாகச் சொன்னார். பழைய அளவு இல்லை, அதைவிடக் குறைவு. விட்ட நாட்களில் உடம்பு கொஞ்சம் மறந்திருக்குமாம். பழைய அளவை அப்படியே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாமாம். நான் பயந்த எத்தனையோ விஷயத்தில் இது இல்லவே இல்லை. சேர்த்துக்கொண்டேன்.

“இந்தப் படியில நின்னு உடம்பு சமாளிக்கட்டும். அப்பறம் கொஞ்சம் குறைப்போம். தாங்கலேன்னா அங்கேயே நிப்போம். நீ சொல்ற வேகம்தான். ஆனா என்கிட்டக் கேக்காம நீயாக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சரியா?”

அப்போதுதான் கேட்டேன். “என் குழந்தையை…”

“என்ன?”

“யாருக்காவது எழுதிப் போடுவீங்களா?”

அவர் நாற்காலியை இழுத்து என் முழங்காலுக்கு நேராக உட்கார்ந்தார். “எழுதிக் குடுத்த மருந்த எழுதிக் குடுத்தபடி சாப்புட்டு, குறைக்கணும்னு தானா வந்து நிக்குற அம்மாவ நான் எதுக்குக் காட்டிக் குடுக்கணும்? அதுக்கா ஒரு வருஷமா என்கிட்டச் சிரிச்சிக்கிட்டே இருந்தே?”

அழுதேன். டெரல் சுவரில் ஒட்டியிருந்த பெருங்குடல் படத்தை மிகக் கவனமாகப் படித்தான்.

மார்ச் 10, வெள்ளி

கால்கள் அடங்கின. மாத்திரை இப்போது பூட்டிய டப்பாவில். சாவி டெரலிடம். மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். மூச்சு திணறினால் உடனே அடித்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். டெரல் ஐவியின் துணிக்கரடியில் பழகினான். கரடி பிழைத்துவிட்டது.

“அம்மாகிட்டச் சொல்லலியா?” என்றான்.

“சொல்றேன்.”

மார்ச் 12, ஞாயிறு

சொல்லவில்லை.

மாவு உருண்டை, முட்டை, வாழைப்பழப் புட்டிங் என்று விடுதலையைக் கொண்டாட ஆறேழு பாத்திரம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் யாருடையது என்று டேப் ஒட்டிப் பெயர். மதிய மாத்திரையைச் சபையின் கழிவறையில் எடுத்தேன். வெளியே வந்தால் அத்தை. “ஜெபம் பண்ணினியா கண்ணு?” என்றார். தலையாட்டினேன்.

மார்ச் 29, புதன்

மலைக்கு அந்தப்பக்கத்துச் சபையிலிருந்து சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழந்தைக்குச் சளி என்றேன். அத்தை எனக்குப் பதிலாகத் தானே போய் என் சாட்சியைச் சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னதில் நான் ஒரே நிமிடத்தில் எழுந்து நின்றேனாம், முதுகுவலியும் போய்விட்டதாம். கம்பி அங்கேயே இருக்கிறதா என்று ஒருவர் கேட்டாராம்.

ஏப்ரல் 11, செவ்வாய்

முதல் படி இறங்கியாயிற்று. இரண்டு இரவு சரியில்லை, மூன்றாவது தேவலை. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார், வெந்நீர்க் குளத்தில் முதுகுக்குப் பயிற்சி. குளத்தில் எல்லாருக்கும் எழுபது வயது. என்னை ‘பாப்பா’ என்கிறார்கள்.

இன்று மதியம் ஐவி பக்கத்து அறையில் தும்மினாள். கேட்டது. எழுதி வைக்க வேண்டிய விஷயமா இது? எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு

சபை நிறைந்திருந்தது. பாஸ்டர் கீத் பாட்டு நடுவே என்னைப் பார்த்து, “சிஸ்டர் மார்லா! இன்னும் விடுதலைதானே?” என்றார்.

இருநூறு தலைகள் திரும்பின. எல்லாரும் புதுத் தொப்பி.

“ஆமென்” என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அது பொய்யா? பாதி பொய். பிரதர் கிளோவிஸ் கடைசி வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 25, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் அத்தை வந்தார். கையில் சாப்பாட்டுப் பாத்திரம், முகமெல்லாம் பூரிப்பு. “கிளோவிஸுக்கு எடுத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை வரல பாத்தியா? அவரும் உன்ன மாதிரியே எல்லாத்தையும் கொட்டிட்டாராம்! போன்ல சொன்னார். பதினஞ்சு வருஷத்து மாத்திரை! உன் சாட்சியோட கனி, கண்ணு.”

ஐவியைத் தூக்கிக்கொண்டு அவரோடு காரில் ஏறினேன். செருப்பு மாற்றவில்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ஓடையோரம் அவருடைய சின்ன வீடு. தொலைக்காட்சி ஓடவில்லை. சமையலறை நாற்காலியில் ஒட்டுப்போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வாளி. எனக்குத் தெரிந்த வாளி.

“வாங்க சிஸ்டர்” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “எப்படிம்மா அடுத்த ஞாயித்துக்கிழமையே நீ பாட்டுப் பாடினே? எனக்கு எழுந்திரிக்கவே முடியல. விசுவாசம் பத்தல போல.”

“அப்படிச் சொல்லாதீங்க பிரதர், போகப்போகச் சரியாயிடும்” என்றார் அத்தை, மூடியைத் திறந்துகொண்டே.

ஐவி ஜன்னலுக்குப் போய், “நாய்?” என்றாள். வெளியே கூண்டு காலி. அந்த வேட்டைநாயை அவர் சபைக்குக்கூடக் கூட்டி வந்து வண்டியில் காக்க வைப்பார்.

“தம்பி மகன்கிட்டக் குடுத்துட்டேன். நல்லாப் பாத்துப்பான்” என்றார். வானிலை சொல்வது போல. “காரும் அவனுக்குத்தான். சாவி இந்த ஆணியில மாட்டியிருக்கு. யாராச்சும் வந்து கேட்டா சொல்லுங்க.”

அத்தை கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் புரிந்துவிட்டது.

பையைத் திறந்தேன். மதியத்துக்கென்று டெரல் எடுத்துக்கொடுத்த மாத்திரை, என் பெயர் ஒட்டிய சின்ன புட்டியில். மேசைமேல் வைத்தேன்.

“நான் எழுந்திரிக்கல, பிரதர். டாக்டர் ஹென்ஸ்லிதான் எழுப்பிவிட்டாங்க. திரும்பக் குடுத்தாங்க, கம்மி பண்ணி. இன்னும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்குறேன்.”

புட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். “அப்ப நீ சொன்ன சாட்சி?”

“அது செவ்வாய்க்கிழமை சாட்சி. புதன்கிழமை யாரும் என்னக் கேக்கல.”

“ஈஸ்டருக்குக் கேட்டாங்களே.”

“கேட்டாங்க. அன்னிக்கு எனக்குத் தைரியம் பத்தல. உங்களுக்கு விசுவாசம் பத்தலேன்னு நீங்க இங்க உக்காந்திருக்கீங்க.”

ஐவி மாவு உருண்டையைக் கையால் எடுத்துத் தின்றாள்.

“எனக்கு அந்தப் பொம்பள டாக்டரப் பிடிக்காது. கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பா” என்றார் பிரதர் கிளோவிஸ்.

“கேப்பாங்க” என்றேன். “எழுந்திரிங்க.”

அத்தைதான் அவருக்குக் காலணி மாட்டிவிட்டார். வண்டியும் அவர்தான் ஓட்டினார். மலை இறங்கும்வரை ஒரு வார்த்தை இல்லை. என் மாமியார் வாய் திறக்காமல் அத்தனை தூரம் போனது சரித்திரத்தில் இல்லை.

மருத்துவமனையில் டாக்டர் ஹென்ஸ்லி மூவரையும் பார்த்தார். என்னைத் தெரியும். அவரைத் தெரியும். அத்தையிடம், “நீங்க?” என்றார்.

“கொட்டச் சொன்னவ” என்றார் அத்தை.

டாக்டர் பிரதர் கிளோவிஸிடம் நேராகவே கேட்டார். செத்துப்போகலாம் என்று தோன்றியதா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

“எந்தத் துப்பாக்கியக் கேக்கற?” என்றார் அவர்.

இன்று மாலை டெரல் போய் எல்லாவற்றையும் எடுத்து வந்து எங்கள் இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டான். பிரதர் கிளோவிஸ் இரண்டு நாள் மருத்துவமனைக் கட்டிலில் இருப்பார். பிறகு அவர் தம்பி மகன் வீட்டில்; நாயும் அங்கேதான் இருக்கிறது. அவருக்கும் மருந்து திரும்பத் தொடங்கியாயிற்று, சின்ன அளவில், வாரா வாரம் டாக்டர் பார்ப்பதாக.

நான் ‘ஆமென்’ சொன்னதால். எத்தனை முறை எழுதினாலும் இந்த வரி அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 27, வியாழன்

அத்தை வரவில்லை. பாத்திரத்தைக்கூடத் திருப்பி வாங்க வரவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். மேடைக்குப் போகவில்லை, இருந்த இடத்திலிருந்தே.

“நான் விடுதலைனு சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது. மறுநாளே செத்துப்போற மாதிரி இருந்துச்சு. டாக்டர்கிட்டப் போனேன். இப்பவும் மாத்திரை எடுக்கறேன், குறைச்சுக் குறைச்சு. ஈஸ்டருக்கு நான் சொன்ன ஆமென் பொய். தயவுசெஞ்சு யாரும் ஒரேயடியாக் கொட்டாதீங்க. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு…” உட்கார்ந்தேன்.

இதற்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் கீத் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். இல்லாத எண்ணைச் சொல்லிவிட்டார். எல்லாரும் புரட்டித் தேடினார்கள்.

அத்தை பக்கத்து வரிசையில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஐவியை இருக்கையில் கட்டிக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவில் இருக்கும் பெண் வந்தாள். தன் சிநேகிதிக்காகக் கேட்கிறாளாம், அந்த டாக்டரின் போன் நம்பர் வேண்டுமாம். கொடுத்தேன். அவள் போனதும் ஞாயிறுபள்ளி வாத்தியார், அவருக்கும் ஒரு சிநேகிதர். மூன்றாவதாக பாஸ்டர் கீத்தின் மனைவி. அவர் சிநேகிதர் என்றெல்லாம் சொல்லவில்லை. பேனாவை நீட்டி, “கையிலேயே எழுதிடு” என்றார்.

மே 16, செவ்வாய்

அத்தை வந்தார். பாத்திரம் வாங்க வந்ததாகச் சொன்னார். உட்கார்ந்தார். காபி குடித்தார். இன்னொன்று குடித்தார்.

“மலைக்கு அந்தப்பக்கம் போய் உன் சாட்சிய நான் சொன்னேன்.”

“தெரியும் அத்தை.”

“முதுகுவலியே போயிடுச்சுனு சொன்னேன்.”

“தெரியும்.”

“என்கிட்டச் சொல்லணும்னு உனக்குத் தோணலியாடீ?” கோப்பையைக் கீழே வைத்தார். “நான் என்ன பண்ணிடுவேன்னு நெனச்சே?”

ஐவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள் என்று. அதைத்தான் நினைத்தேன். சொல்லவில்லை, ஆனால் என் கண் ஐவி பக்கம் போனதை அவர் பார்த்துவிட்டார். முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

“அட, என் புள்ளையே” என்றார். அவ்வளவுதான். எழுந்து எங்கள் பாத்திரங்களையெல்லாம் கழுவினார், சுத்தமாக இருந்ததையும்.

போகும்போது கேட்டார்: “அடுத்தவாட்டி படி இறங்கறப்ப எத்தன நாள் முடியாது?”

“ரெண்டு மூணு.”

“புள்ளைய நான் வந்து பாத்துக்கறேன். இங்கேயே.” ‘இங்கேயே’ என்பதை அழுத்திச் சொன்னார்.

ஜூலை 19, புதன்

மோசம். முதுகு நிஜமாகவே வலிக்கிறது. எது வலி, எது பழக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. டெரல் எதற்கோ சிரித்தான், தட்டைத் தூக்கிப் போட்டேன். பிளாஸ்டிக் தட்டு. உடையக்கூட இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். தோற்றுவிட்டேன் என்றேன். “படியில நின்னு மூச்சு வாங்கறது தோல்வியா? இந்த மாசம் குறைக்க வேணாம். அங்கேயே நில்லு” என்றார். “பிரதர் கிளோவிஸும் நின்னுட்டார். என்ன ஒரு படி ஏத்திவிடுனு சண்டை போடறார்.”

ஆகஸ்ட் 23, புதன்

நிற்கிறேன் என்று எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்று மறுபடி இறங்கினேன். அத்தை இரண்டு நாளாக சோபாவில் தூங்குகிறார், குறட்டை விடுகிறார், இல்லை என்று சாதிக்கிறார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

பிரதர் கிளோவிஸ் எழுந்து நின்றார். “நான் இன்னும் மாத்திரை சாப்பிடுறேன். பாதிக்குப் பாதி. டாக்டர் சொல்றா, எனக்கு இதுக்குக் கீழ போக முடியுமோ முடியாதோ, பாக்கலாம்னு. ராத்திரி தூங்கறேன். வேற ஒண்ணும் இல்ல” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

முதலில் கைதட்டியது நோவெல்லா அத்தை.

அக்டோபர் 31, செவ்வாய்

டாக்டர் ஹென்ஸ்லி: “இனிமே குறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. விட்டுடலாம்.” நான் ஏதோ பெரிதாக நடக்கும் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார். திரும்பி, “வலி வந்தாலும் வா, பயம் வந்தாலும் வா. அடுத்த மாசம் எப்படியும் வா” என்றார்.

வலி இருக்கிறது. குளிர்நாளில் கம்பிக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

நவம்பர் 14, செவ்வாய்

துணி துவைத்தேன், இலை கூட்டினேன். முதுகு சத்தம் போட்டது, வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டேன். மதியம் சோபாவில் சாய்ந்தவள் அசந்துவிட்டேன். வெறும் களைப்புத் தூக்கம்.

சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. பிறகு அலமாரிக் கதவு. பிறகு சர்க்கரை மிட்டாய்ப் பையின் சரசரப்பு.

எழுந்து போய் வாசலில் நின்றேன். ஐவி நாற்காலிமேல் ஏறி, முழங்கை வரை பைக்குள் விட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அடுத்த மாதம் மூன்று வயது. முகத்தில் குற்றவுணர்ச்சியெல்லாம் இல்லை, எரிச்சல்தான்.

“தூங்கும்மா” என்றாள்.